ஆளும் நிற்கவேண்டும், மனமும் நிற்கவேண்டும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





சிறு கடைகளிலும் சிறு தொழிலகங்களிலும் ஊழியரை நிலைத்து நிற்கச் செய்வதற்குக் கையாளும் வழிகள் அவர்களுடைய வேலைத் திறனை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள். சமயத்தை வளர்க்கும் சங்கத்தின் மேடையிலே வியாபாரப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நவராத்திரி முடிவிலே எம்மவர் கடைகளில் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். தராசையும் முழக்கோலையும் கணக்குப் புத்தகத்தையும் துடைத்து, சந்தனம் சாத்தி, பூவைத்துப் பூசை செய்கின்றோம். கருவிக்கு இவ்வளவு மரியாதை செய்யும் நாம், அக்கருவியைப் பிடிக்கும் கைக்கு மற்றைய நாட்களில் என்ன மரியாதை செய்கின்றோம்? அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தை நாம் உழவாரப்படையோடேயே கண்டு வணங்குகின்றோம். கோயில் வீதியிற் புல்லைச் செதுக்கும் கருவி அது. கைவேலைக்கு அவ்வளவு உயர்ந்த இடத்தைக் கொடுத்த சமயம் எமது சமயம். ஆகவே வேலை செய்பவனைப் பற்றிப் பேசுவது இம்மேடைக்குப் புறம்பான பேச்சன்று.

சிறு தொழிலகம் என்று நாம் கூறுவது எதனை? நாலு பேர் வேலை செய்யும் புடைவைக்கடை, ஆறு பேர் வேலை செய்யும் அச்சகம், ஐந்து பேர் உள்ள மோட்டார் திருத்துமிடம், ஏழெட்டுப் பேர் உள்ள உணவுச்சாலை ஆகியவற்றை. பெரிய கம்பெனியிலே ஆயிரம் பேரில் ஒருவன் போனால் அவன் பெயரை மேலதிகாரி அறியமாட்டார். ஆறு பேர் உள்ள கடையிலே ஒருவன் போனால் கடையின் ஆறிலொரு பங்கு போய்விடுகின்றது. உண்மையில் அதனிலும் கூடுதலாகவே போகின்றது. எந்தச் சாமான் எந்தத் தட்டில் இருக்கின்றது, எந்த வாடிக்கைக்காரர் மாத முடிவிற் பணம் தருவார், எவருக்குக் கடன் கொடுக்கலாகாது என்பன எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. அவை அவன் தலைக்குள் இருக்கின்றன, அவனோடேயே போய்விடுகின்றன. புதியவன் அவற்றைப் பழகும் வரையில் எஞ்சிய ஐந்து பேரும் அவன் பாரத்தையும் சுமக்கவேண்டும். சுமந்து களைத்தவர்களில் அடுத்தவனும் போக நினைக்கின்றான்.

இது இன்று வெறும் ஏட்டுப் பேச்சன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அந்த ஓராண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவு செய்துகொண்டு இலங்கையை விட்டுச் சென்றனர். அவர்களிற் பலர் எமது கடைகளிலும் பட்டறைகளிலும் நின்றவர்களே. “ஆள் கிடைக்குதில்லை, கிடைச்சாலும் நிக்குதில்லை” என்பது அன்றுதொட்டு முதலாளிமார் பலரிடம் நாம் கேட்கும் முறைப்பாடு.

பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்கும் நாம் புத்தகத்தில் உள்ளவற்றை ஒப்புவிப்பதற்கு முன்னர், எமது கண்ணாற் கண்ட ஒன்றைக் கூறவேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த மாதங்களில், கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றிலே நாம் கணக்கெழுதினோம். கடையின் பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே சிப்பந்திகள் ஆறு பேர். அவர்களுள் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றே அழைப்போம். ஒன்பது ஆண்டுகளாக அங்கே நின்றவர். ஒரு மேசன் வந்து இரண்டு அறை வீட்டின் அளவைச் சொன்னால், எத்தனை கம்பி, எத்தனை சீமெந்துப் பை என்று எழுதாமலே சொல்லிவிடுவார்.

ஒருநாள் மாலை, கடை பூட்டும் நேரத்தில், அவர் முதலாளிக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, நான் வாற மாதத்தோட நிக்கப்போறன். கட்டாருக்குப் போக விசா சரிவந்திட்டுது.”

“என்ன தம்பி, உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? சம்பளம் காணாதெண்டால் கேட்டிருக்கலாமே! ஐயாயிரம் கூட்டித் தாறன், நில்லு.”

அண்ணை சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார்: “ஒன்பது வரியம் நிண்டனான் ஐயா. போறன் எண்டு சொன்ன பிறகுதானே எனக்கு ஒரு விலை இருக்கெண்டு தெரியவந்தது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் எமது மனத்தைத் தைத்தது.

அவர் போனபின் முதலாளி அஞ்சினார். எஞ்சியவர்களும் போய்விடுவார்களோ என்ற அச்சம். அதற்கு அவர் கண்ட வழி கடன். ஒருவருக்குத் தங்கையின் கலியாணத்துக்கு, ஒருவருக்கு மோட்டார் சைக்கிளுக்கு என்று கேட்டவர்க்கெல்லாம் பெருந்தொகை முற்பணமாகக் கொடுத்தார். மாதந்தோறும் சம்பளத்திற் சிறிது சிறிதாகக் கழிக்க ஏற்பாடு. கடன் தீரும்வரை ஒருவரும் அசைய முடியாது. அவ்வழி பலித்தது. நாம் அங்கிருந்த காலம் முழுவதும் ஒருவரேனும் விலகவில்லை.

ஆனால் வேலை என்னவாயிற்று? ஒருநாள் ஒரு வயோதிபர் அரை அங்குல எல்போ கேட்டு வந்தார். மேசையடியில் நின்ற பையன் திரும்பியும் பாராமல், “முடிஞ்சுது ஐயா” என்றான். மேல்தட்டிலே மூன்று பெட்டி இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னர் கேட்டோம். “ஏணி வைச்சு ஏறி எடுத்தால் எனக்கென்ன, எடுக்காட்டி எனக்கென்ன?” என்றான். கடையில் ஆள் நின்றது, மனம் நிற்கவில்லை. வாடிக்கைக்காரர் ஒவ்வொருவராக எதிர்த்தெருக் கடைக்குப் போகத் தொடங்கினர். கணக்குப் புத்தகத்தில் நாமே அதனைக் கண்டோம்.

அன்பர்களே, ஊழியர் விலகாமல் இருக்கின்றனர் என்பதை வைத்து அவர்கள் நன்றாக வேலை செய்கின்றனர் என்று முடிவு செய்தல் கூடாது. நிற்றல் வேறு, உழைத்தல் வேறு. 1958 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மார்ச், ஹேர்பேட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் தாம் எழுதிய நூலிலே, ஓர் ஊழியன் விலகுவது இரண்டு காரணங்களைப் பொறுத்தது என்றனர். ஒன்று, விலகவேண்டும் என்ற விருப்பம். மற்றது, விலகுவதற்குள்ள வசதி. இதனைக் கொண்டு நாம் சிந்தித்தால் உண்மை விளங்கும். கடன் கொடுத்துக் கட்டிவைக்கும் முதலாளி வசதியைக் குறைக்கின்றார்; விருப்பத்தைக் குறைக்கவில்லை. போக விரும்பியும் போகமுடியாமல் நிற்பவனைக் காட்டிலும் கடைக்கு நட்டம் தருபவன் வேறெவன்?

அப்படியாயின் சம்பளத்தைக் கூட்டினால் விருப்பம் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும். இதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவிலே ஹென்றி போட் என்பவரின் மோட்டார் தொழிற்சாலை. 1913 ஆம் ஆண்டிலே அங்கு 100 பேருக்குரிய வேலையைச் செய்விக்க, ஓராண்டில் 370 பேர் வந்து வந்து போயினர். ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும் வேலை எவருக்கும் பிடிக்கவில்லை. 1914 ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் நாளொன்றுக்கு 5 டொலர் வருவாய் என்று அறிவித்தார். அது முன்னைய கூலியின் இருமடங்களவு. வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். 370 என்ற அந்தத் தொகை அவ்வாண்டில் 54 ஆகவும், 1915 இல் 16 ஆகவும் வீழ்ந்தது. வேலைக்கு வராது நிற்போர் தொகையும் குறைந்தது. ஆனால் அந்த 5 டொலரில் ஏறக்குறையப் பாதி இலாபப் பங்கு என்ற பெயரிலேயே கொடுக்கப்பட்டது. அதனைப் பெறுபவன் வீட்டில் எப்படி வாழ்கின்றான், குடிக்கின்றானா, சேமிக்கின்றானா என்று விசாரிப்பதற்குக் கம்பெனி ஆட்களை வீடு வீடாக அனுப்பியது. பணத்தோடு கண்காணிப்பும் வந்தது என்பதை மறத்தலாகாது.

எமது சிறு கடைக்காரர் சம்பளத்தை இருமடங்காக்க முடியுமா? முடியாது. கட்டாரில் கிடைக்கும் கூலியைப் பருத்தித்துறையிலோ மட்டக்களப்பிலோ ஒரு கடை கொடுக்கமுடியாது என்பதை நாமும் அறிவோம். ஆயின் சம்பளத்துக்கு அப்பால் என்ன உண்டு?

1959 ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் என்பவரும் அவருடைய துணைவரும் பிற்ஸ்பேர்க் நகரப் பகுதியில் பொறியியலாளரும் கணக்காளருமாக ஏறக்குறைய 200 பேரை விசாரித்து எழுதிய நூலிலே ஒரு முடிவைக் கூறினர். சம்பளம், வேலையிடத்தின் வசதி, மேலாளர் நடத்தும் முறை ஆகியன குறைந்தால் மனக்கசப்பு உண்டாகும். நிறைந்தால் கசப்பு நீங்கும், அவ்வளவே. ஊக்கத்தோடு உழைக்கச் செய்வன வேறு: ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, செய்ததைப் பிறர் ஏற்றுக்கொள்ளல், பொறுப்பு, முன்னேற்றம் ஆகியன. இம்முடிவைப் பிற்காலத்தார் பலர் மறுத்துரைத்தனர். நன்மையைத் தன் முயற்சியாலும் தீமையைப் பிறராலும் வந்ததாகச் சொல்வது மனித இயல்பு. ஆகவே அவ்விசாரணையே ஒருபக்கம் சாய்ந்தது என்றனர். அம்மறுப்பை ஏற்றுக்கொண்டாலும், அண்ணை முதலாளியிடம் சொன்ன வார்த்தையை நாம் என்னவென்று கொள்வது? அவர் கேட்டது ஐயாயிரம் ரூபாவையன்று. ஒன்பது ஆண்டுகளில் ஒருநாளாவது தமது மதிப்பு இன்னதென்று அறிந்திருக்கவேண்டும் என்பதையே.

எமது முன்னோர் இதனை அறியாதவர்களல்லர். திருக்குறளிலே தெரிந்துவினையாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசனுக்குக் கூறியதாயினும் கடைக்காரருக்கும் அது பொருந்தும். இன்ன வேலைக்கு இன்னவன் தக்கவன் என்று முதலில் ஆராயவேண்டும். ஆராய்ந்தபின் அவ்வேலையை அவனுக்கே உரியதாக விட்டுவிடவேண்டும் என்பது அதன் சாரங்களுள் ஒன்று. எம்மவர் கடைகளில் நடப்பதோ மறுதலை. பத்து ஆண்டு நின்றவனிடமும் பணப்பெட்டித் திறப்பைக் கொடோம். நேற்று வந்த மைத்துனன் பெட்டியடியில் உட்காருவான். உறவினனை வைத்தல் தவறென்று நாம் கூறவில்லை. நெடுநாள் நின்றவனுக்கு இனி மேலே போக இடமில்லை என்று அவன் கண்முன்னே காட்டுதலே தவறு.

இனி, இவ்வுரையில் எமக்குக் கூறக் கடினமான பகுதி.

அண்ணை போவதற்கு முன் தொழில் திணைக்களக் காரியாலயத்துக்குச் சென்று, தமது ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பார்த்தார். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், அதற்கு மேல் முதலாளியின் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் அந்நிதிக்குச் செல்லவேண்டும். ஓர் ஊழியர் மாத்திரம் உள்ள கடைக்கும் இது பொருந்தும். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னுமொரு 3 வீதம் செலுத்தவேண்டும். அண்ணையின் ஒன்பது ஆண்டுகளில் நாலு ஆண்டுகளுக்கே பணம் சென்றிருந்தது. மற்றைய ஆண்டுகளில் அவர் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டது; செலுத்தப்படவில்லை. நாம் இருந்த மாதங்களில் அக்கழிவைச் சம்பளப் புத்தகத்தில் எழுதியது எமது கை. செலுத்திய பற்றுச்சீட்டு ஒன்றையும் காணாதது எமது கண். நாம் வாய்திறக்கவில்லை. சில மாதங்களில் போய்விடுவோமே, எமக்கெதற்கு என்று இருந்துவிட்டோம்.

எமக்கெதற்கு! மேல்தட்டில் எல்போ இருக்க இல்லையென்று சொன்ன பையனும் இதனையேதான் சொன்னான். அவனை நாம் குறைகூறினோம். ஆனால் அந்தக் கடையில் மனம் இல்லாமல் வேலை செய்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதைப் பின்புதான் உணர்ந்தோம்.

மிசன் பாடசாலையிலே படித்த காலத்தில், கூலிக்கு மேய்ப்பவனைப் பற்றிய உவமையொன்றை விவிலிய நூலிலிருந்து நாம் கேட்டிருக்கின்றோம். ஓநாய் வருவதைக் கண்டதும் அவன் ஆடுகளை விட்டு ஓடிவிடுகின்றான். ஆடுகள் அவனுடையன அல்லவே. அன்று அவனை நாம் வெறுத்தோம். இன்று ஒரு கேள்வி எழுகின்றது. ஆடுகள் தன்னுடையன அல்ல என்று அவனுக்கு நாள்தோறும் உணர்த்தியவர் யார்?

பெரியோர்களே, முதலாளிமார்களே, சிறியேம் கூறுவதைப் பொறுத்தருளுங்கள். பெருஞ் செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சட்டப்படி கொடுக்கவேண்டியதைக் கொடுங்கள், கொடுத்ததைக் காட்டுங்கள். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, வார ஓய்வாக ஒன்றரை நாளும் கொடுத்துள்ளது. இவற்றைத் தருதல் கருணையன்று, கடன். இதிற் பிழைவிட்டுவிட்டுப் பொங்கலுக்கு வேட்டி கொடுப்பதாற் பயனில்லை.

இரண்டாவது, நெடுநாள் நின்றவனுக்கு நீங்களாகவே ஒரு பலன் வையுங்கள். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களையே கட்டுப்படுத்தும். 5 ஆண்டு சேவை செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்பது அதன் கணக்கு. ஆறு பேர் உள்ள கடையை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயமில்லாததைச் செய்பவரை ஊழியர் மறப்பாரா? அதனையும் எழுத்திற் கொடுங்கள். வாய்ச்சொல் அவனுக்கு நம்பிக்கையாகாது.

மூன்றாவது, பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள். ஒருவனுக்குக் கொள்முதல், ஒருவனுக்கு இருப்புக் கணக்கு, ஒருவனுக்குக் கடன் கொப்பி என்று ஆளுக்கொன்றை உரியதாக்குங்கள். பெரிய கம்பெனியில் ஒருவன் பத்து ஆண்டில் ஒரு வேலையைப் பழகுவான். சிறு கடையில் ஐந்து ஆண்டில் வியாபாரம் முழுவதையும் பழகலாம். இது பெரியவர்கள் கொடுக்கமுடியாத ஒன்று, உங்களால் முடியும்.

நாலாவது, மாதத்தில் ஒருநாள் கால்மணி நேரம் அவனை இருத்திக் கேளுங்கள்: “தம்பி, கடையில என்ன பிழை? நீ எண்டால் என்ன செய்வாய்?” 1970 ஆம் ஆண்டில் அல்பேட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் எழுதிய நூலின் கருத்து இதுவே: குறை கண்டவன் முன்னால் வழிகள் இரண்டு, ஒன்று வாய்திறந்து சொல்லுதல், மற்றது பேசாமல் வெளியேறுதல். சொன்னால் கேட்பார் உண்டென்ற நம்பிக்கை இருக்கும்வரை அவன் வெளியேற அவசரப்படான். அண்ணைக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. எமக்கும் இருக்கவில்லை.

இவ்வளவும் செய்தாலும் போகின்றவன் போவானே என்பீர்கள். உண்மை. சிலர் போவர், குடும்பத்தின் கடன், தங்கையின் வாழ்வு, பிள்ளையின் படிப்பு அவர்களைப் போகச் செய்யும். எல்லோரையும் என்றென்றும் நிறுத்தி வைப்பது நோக்கமாகாது. நிற்கின்ற நாளில் மனம்வைத்து நிற்கவேண்டும்; போகின்ற நாளில் தன் வேலையை இன்னொருவனுக்குப் பழக்கிவிட்டு, நல்ல மனத்தோடு போகவேண்டும். அப்படிப் போனவன் ஒருநாள் திரும்பி வந்தால் அதே கடைப்படியில் ஏறுவான்.

வாலிப அன்பர்களே, உங்களுக்கும் எமக்கும் ஒரு சொல். குறையை முதலாளி தலையில் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் தப்பமுடியாது. சம்பளம் வாங்கிய மறுநாள் சொல்லாமல் நின்றுவிடுவதை எம்மிற் சிலர் சாமர்த்தியமாக எண்ணுகின்றனர். மறுநாட் காலை அந்தப் பாரம் ஏறுவது முதலாளி தோளில் மாத்திரமன்று, உடன் நின்ற தோழன் தோளிலும் என்பதை நினைவிற் கொள்வோமாக. போவதாயின் ஒரு மாதம் முன்னரே சொல்வோம். கற்றதை அடுத்தவனுக்குக் கற்பிப்போம். நிற்பதாயின் ஏணி வைத்து ஏறுவோம். பிழையைக் கண்டால் மரியாதையோடு, ஆனால் வெளிப்படையாகச் சொல்வோம். எமது சேமலாப நிதிக் கணக்கை ஆண்டுக்கொரு முறையேனும் நாமே பார்ப்போம். உடன் நிற்பவனையும் பார்க்கச் செய்வோம்.

இச்சங்கத்திலே கடை வைத்திருக்கும் பெரியோரும் கடையில் நிற்கும் இளைஞரும் ஒரே பாயில் அமர்ந்து தேவாரம் பாடுகின்றனர். அந்த ஒருமை மறுநாட் காலை கடைக் கதவு திறக்கும்போதும் இருக்கவேண்டும். அண்ணையின் கணக்கில் எஞ்சியிருந்த ஐந்து ஆண்டுப் பணத்தைப் பற்றி, பின்னர் நாம் அந்த முதலாளியிடம் நேரிற் சென்று பேசினோம். அவர் கோபிப்பார் என்று அஞ்சியே போனோம். அவர் நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “அப்பவே நீ சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். செலுத்துவதாகவும் சொன்னார். அவர் சொன்னதைச் செய்வார் என்று நம்புகின்றோம். செய்தாரா என்று மீண்டும் கேட்பதும் எமது கடமை.

அப்பவே சொல்லியிருக்கலாம். இனியாவது சொல்லுவோம், இனியாவது கேட்போம்.